மலை உச்சியில் நிற்கும் முகப்பிர்



கடந்த மழைக் காலத்தில் ஓர் இரவு நமது ஊரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்சரிவு எச்சரிக்கை அஸருக்குப் பிறகு வந்தது. இஷாவோடு மின்சாரம் போனது. நள்ளிரவுக்கு முன்பே ஃபோன் சிக்னலும் போய்விட்டது. மேலே சரிவுப் பக்கம் இருக்கும் குடும்பங்கள் இறங்கிவிட்டனவா என்று கேட்க ஒரு வழியும் இருக்கவில்லை. இரண்டு வாலிபர்கள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தே போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். ஆனால் அந்த இருவரும் போய்வந்த பாதையின் மேல் மறுநாள் காலை மண் சரிந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒருவர் என்னிடம் படித்த பிள்ளை.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "அப்ப ஃபோன் இல்லாட்டி நமக்கு ஒண்டும் ஏலாதா சேர்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்காக வாசித்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு பெரிய பள்ளிகளில் இமாமின் தக்பீர் பின் வரிசைகளுக்குக் கேட்காது. அதனால் நடுவில் ஒருவர் நின்று, இமாம் சொன்னதைக் கேட்டு, அதையே உரத்த குரலில் திருப்பிச் சொல்வார். அவர்தான் முகப்பிர். மக்காவின் ஹரம் ஷரீபில் இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது. தொழுகையை நேரடி ஒளிபரப்பில் பார்ப்பவர்கள் இமாமின் குரலுக்குப் பின்னால் வரும் அந்த இரண்டாவது குரலைக் கேட்டிருப்பீர்கள். முகப்பிர் தன் சொந்த வார்த்தை எதையும் சேர்ப்பதில்லை. கேட்டதை, கேட்ட உடனே, கேட்காதவர்களுக்கு எட்டச் செய்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை.

வானொலியில் ரிப்பீட்டர் என்று சொல்வதும் இதைத்தான்.

அமெச்சூர் வானொலி என்ற ஒன்று உலகம் முழுவதும் நூறு வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். பரீட்சை எழுதி, அரசிடம் அனுமதிப்பத்திரம் பெற்று, தனக்கென ஒரு அழைப்புக் குறியீட்டோடு, பணம் வாங்காமல், வானொலி அலை வழியாக மற்றவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. இலங்கையின் குறியீடு சுதந்திரத்துக்கு முன்பு வீஎஸ்7 என்று தொடங்கியது. பிறகு 4எஸ்7 ஆனது.

நமது நாட்டில் வானொலியே இப்படிப்பட்ட ஆர்வலர்களால் தொடங்கியதுதான். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இலங்கைக்கு வந்தார். உள்ளூர் ஆர்வலர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வயர்லஸ் கழகத்தை நடத்தினார். 1923இல் கொழும்பு மத்திய தந்திக் காரியாலயத்திலிருந்து பரிசோதனை ஒலிபரப்பு நடந்தது. அதற்கான கருவியைக் கைப்பற்றப்பட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு செய்தார்கள். 1925 டிசம்பர் 16 அன்று ஒலிபரப்பு முறையாக ஆரம்பமானது. பிற்காலத்தில் இந்தியா முழுவதும் கேட்ட ரேடியோ சிலோனின் வேர் அங்கேதான் இருக்கிறது. பழைய உதிரிப் பாகங்களோடு விளையாடிய ஒரு சிறு கூட்டம் அது.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் அமெச்சூர் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. யுத்தம் முடிந்த பிறகு ஆர்வலர்கள் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். 1950ஆம் ஆண்டளவில் உருவான அவர்களது சங்கம் இன்று இலங்கை வானொலிச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது.

இனி மலைக்கு வருவோம்.

குறுந்தூரப் பேச்சுக்கு ஹாம்கள் அதிகம் பாவிப்பது 145 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலை. அலைநீளம் ஏறக்குறைய 2 மீற்றர் என்பதால் "இரண்டு மீற்றர் பட்டை" என்பார்கள். இந்த அலை டோர்ச் வெளிச்சத்தைப் போல நேராகப் போகும். மலையைத் துளைக்காது, பூமியின் வளைவோடு அதிகம் வளையவும் மாட்டாது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் வரும்.

கையில் செட்டை வைத்திருக்கும் ஒருவருக்கு உயரம் 1.5 மீற்றர். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 10 கிலோமீற்றர். அதுவும் மேசை போன்ற சமதரையில். நம்மைப் போன்ற மலைநாட்டில் ஒரு திருப்பம் தாண்டினாலே கேட்காது.

இப்போது பிதுருதலாகலையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 2,524 மீற்றர். வர்க்கமூலம் ஏறக்குறைய 50. நாலால் பெருக்கினாலே 200 கிலோமீற்றரைத் தாண்டும். கொழும்பு, காலி, ஹம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, திருகோணமலை எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. யாழ்ப்பாணம் வராது. இடையில் வேறு மலைகள் மறைத்தால் உள்ளே இருக்கும் ஊர்களிலும் சில தப்பிவிடும். இருந்தாலும் கணக்கின் சாரம் இதுதான். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது பிரதான ஒளிபரப்பு நிலையத்தைப் பிதுருதலாகலையில் வைத்ததற்கும் இந்தக் கணக்கே காரணம்.

ஐந்து வாட் சக்தியுள்ள ஒரு கைச் செட்டால் மலைக்கு அப்பால் பேச முடியாது. ஆனால் மலை உச்சி வரை எட்ட முடியும். உச்சியில் ஒரு பெட்டி அதைக் கேட்டு, அதே நொடியில் கூடிய சக்தியோடு திருப்பிச் சொன்னால், மறுபக்கத்தில் இருப்பவருக்கும் கேட்டுவிடும். அந்தப் பெட்டிதான் ரிப்பீட்டர்.

இதை எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகப் பிள்ளைகளுக்குக் கருவி எதுவும் இல்லாமலே காட்டினேன். மேட்டின் இந்தப் பக்கப் பள்ளத்தில் ஒரு பிள்ளை, அந்தப் பக்கப் பள்ளத்தில் ஒரு பிள்ளை. எவ்வளவு கத்தினாலும் கேட்கவில்லை. மேட்டின் மேல் ஒரு பையனை நிறுத்தினேன். கீழே இருந்தவன் சொன்ன வாக்கியத்தை அவன் திருப்பிச் சொன்னான். மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. பிறகு அவன் களைத்துப்போய், "சேர், நான் கத்தும்போது அவன் சொல்றது எனக்குக் கேக்குதில்ல" என்றான்.

ரிப்பீட்டர் செய்த முதல் ஆட்களுக்கும் இதே பிரச்சினைதான். ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். பக்கத்திலேயே தன் குரல் இடி போல முழங்கும்போது, தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலை எப்படிக் கேட்பது? அதற்காகக் கேட்கும் அலைவரிசையையும் பேசும் அலைவரிசையையும் பிரித்தார்கள். இரண்டு மீற்றர் பட்டையில் வழமையான இடைவெளி 600 கிலோஹேர்ட்ஸ். அதுவும் போதாது என்று, இரண்டையும் வடிகட்டிப் பிரிக்கும் டியூப்ளெக்சர் என்ற உலோக உருளைகளைச் சேர்த்தார்கள். பார்த்தால் பெரிய பால்மா டின்களை வரிசையாக வைத்தது போலிருக்கும். அவை இருந்தால் ஒரே அன்டெனா கேட்கும், பேசும்.

தானாக இயங்கும் அமெச்சூர் ரிப்பீட்டரைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலீஸ் பகுதியைச் சேர்ந்த ஆர்ட் ஜென்ட்ரி. அவருடைய கே6எம்வைகே என்ற நிலையத்தைப் பார்த்துப் பலர் தங்கள் ஊர்களில் செய்தார்கள். 1960களில் டாக்சிக் கம்பனிகளும் பொலிஸாரும் புதிய செட்டுகளுக்கு மாறினார்கள். கழித்துவிடப்பட்ட பழைய செட்டுகளை ஹாம்கள் மலிவாக வாங்கித் திருத்தி மலைகளில் ஏற்றினார்கள். 1972இல் அமெரிக்க அரசு இவற்றுக்கென்றே தனி விதிகளை வகுக்கும் அளவுக்கு அது பரவிவிட்டது. ஹார்ப்பரின் நீர்மூழ்கிப் பாகங்கள் போலவே இங்கும் தொடக்கம் பழைய சாமான்தான்.

உயரம் கூடினால் தூரம் கூடும் என்ற எண்ணத்தை ஒருவர் வானத்துக்கே கொண்டுபோனார். பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழலும் மூன்று அஞ்சல் நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945இல் ஒரு சஞ்சிகையில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்தான் அவர். 1956இல் நமது நாட்டுக்கு வந்து, 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். இன்று நாம் பாவிக்கும் தொலைத்தொடர்புச் செய்மதியும் அடிப்படையில் மிக உயரமான மலையில் வைத்த ஒரு ரிப்பீட்டர்தான்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஃபோன் டவரும் மலையில்தானே இருக்கிறது? அப்படியானால் வித்தியாசம் என்ன?

ஃபோன் டவர் தனியாக எதுவும் செய்யாது. பக்கத்து வீட்டுக்கு அழைப்பு எடுத்தாலும், நமது குரல் டவரிலிருந்து கேபிளிலோ மைக்ரோவேவ் இணைப்பிலோ தூரத்திலுள்ள நிலையத்துக்குப் போய்த்தான் திரும்பி வரும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் முடிந்தது. மின்சாரம் நின்று டவரின் பெட்டரி இறங்கினாலும் முடிந்தது. எல்லாம் நன்றாக இருந்தாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் நெரிசலில் அடைத்துவிடும். ரிப்பீட்டர் அப்படியல்ல. ஒரு பெட்டி, ஒரு பெட்டரி, ஒரு அன்டெனா, முடிந்தால் ஒரு சோலார் தகடு. கொழும்போடு தொடர்பு அறுந்தாலும் அது தன்பாட்டுக்கு இயங்கும். ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். "பாலம் உடைந்துவிட்டது" என்று ஒரு தடவை சொன்னால் போதும், நூறு பேருக்கு அழைப்பு எடுக்கத் தேவையில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஆகவே ஒழுங்கு தேவை. பேசி முடித்ததும் சற்று இடைவெளி விட வேண்டும், அவசரம் உள்ளவர் குறுக்கிடுவதற்காக. யாராவது பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் பெட்டியே அவர் குரலைத் துண்டித்துவிடும். நம்முடைய சில கூட்டங்களுக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் நல்லது என்று சில நேரம் நினைப்பேன்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. சுமாத்ராவுக்கு அப்பால் நமது நேரப்படி காலை ஏழு மணியளவில் கடலடி பூமியதிர்ச்சி. இரண்டு மணித்தியாலத்துக்குள் நமது கிழக்குக் கரையை அலை அடித்துவிட்டது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியா என்று நமது உறவுகள் வாழும் ஊர்களில் அன்று எத்தனை ஜனாஸாக்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. தெற்கில் ஹம்பாந்தோட்டையில் அன்று வாரச் சந்தை நாள். மலாய், சோனக முஸ்லிம்கள் நிறைந்த அந்தக் கடற்கரை நகரத்தைச் சந்தைக் கூட்டத்தோடு அலை அள்ளிக்கொண்டு போனது. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள்.

ஹம்பாந்தோட்டையில் தொலைபேசி இணைப்புகள் போய்விட்டன. மிஞ்சியவை நெரிசலில் அடைத்துவிட்டன. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் விக்டர் குணதிலக்க, அழைப்புக் குறியீடு 4எஸ்7விகே. சங்கத்தின் ஹாம்கள் சிலர் கருவிகளையும் கார் பெட்டரிகளையும் எடுத்துக்கொண்டு ஹம்பாந்தோட்டைக்குப் போனார்கள். கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்தில் இன்னொரு நிலையத்தை அமைத்தார்கள். அந்த முதல் நாட்களில் அங்கிருந்து என்ன தேவை, எங்கே தேவை என்ற செய்திகள் அவர்கள் வழியாகப் போயின.

அதே நேரத்தில் வங்காள விரிகுடாவின் மறுபக்கத்தில் இன்னொரு கதை நடந்தது. பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, பல வருடங்களாக அமெச்சூர் வானொலி ஒலிக்காத அந்தமான் தீவுகளிலிருந்து பேசுவதற்கு விசேட அனுமதி வாங்கி, அந்த மாதம்தான் போர்ட் பிளேயரில் ஒரு ஹோட்டலில் நிலையம் அமைத்திருந்தார். பொழுதுபோக்காகத்தான் போயிருந்தார். அன்று காலை தீவு அதிர்ந்து, தொலைபேசி அறுந்ததும், அந்தப் பொழுதுபோக்கு நிலையமே வெளியுலகத் தொடர்பாகிவிட்டது. யார் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தூரச் செய்திகளைச் சுமந்தது மலை ரிப்பீட்டர் அல்ல, சிற்றலை. வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும் அந்த அலைக்கு மலை தேவையில்லை. ரிப்பீட்டரின் வேலை வேறு. ஊருக்கும் பக்கத்து ஊருக்கும், பள்ளிக்கும் பாடசாலை முகாமுக்கும், சரிவின் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான பேச்சு அதன் பங்கு. அன்று இரவு நமக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

2004 எனக்குக் கற்றுத் தந்த பாடம் இன்னொன்று. ஹம்பாந்தோட்டைக்குப் போனவர்கள் அன்று கருவி வாங்கியவர்கள் அல்ல. வருடக்கணக்காக வீட்டு முற்றத்தில் கம்பி கட்டி, அயலவர்களின் சிரிப்பைத் தாங்கி, வாராவாரம் யாரோடாவது பேசிப் பழகியவர்கள். ரிப்பீட்டரும் அப்படித்தான். ஒரு தடவை மலையில் ஏற்றிவிட்டு வந்தால் முடியாது. அன்டெனாவில் இடி விழும். இணைப்புக்குள் ஈரம் புகும். எலி வயரைக் கடிக்கும். பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் இறங்கும். இடத்துக்கு அனுமதி வேண்டும், அலைவரிசைக்கு அனுமதி வேண்டும். மழை தொடங்குமுன் யாராவது ஒருவர் மலையேறிப் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் இதைச் செய்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. மாதம் ஒருமுறை ஏறுகிறவர் நின்றுவிட்டால், அடுத்த புயலில் பெட்டி ஊமையாக இருக்கும். எல்லா ஊர்களிலும் உள்ள பழைய கிணறு போல, கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும், தூர்வாரியவர் பெயர் எங்கும் இருக்காது.

இனி நாம் வெளியே பேசத் தயங்கும் விஷயம். "செட் ஒண்ட வீட்டுல வெச்சா என்ன நினைப்பாங்க?" என்று ஒரு சகோதரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். யுத்த காலத்தில் தொடர்புக் கருவி என்றாலே சந்தேகம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது வீடுகளில் நடந்த தேடுதல்களில், சாதாரணப் பொருளுக்கும் விளக்கம் சொல்லி நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யானதல்ல. அதை நான் லேசாக எடுக்கவில்லை.

ஆனால் அமெச்சூர் வானொலியின் சட்டத்தைப் பாருங்கள். இரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கும் வெளிப்படையான பேச்சாக இருக்க வேண்டும். பேசும்போது அழைப்புக் குறியீட்டைச் சொல்ல வேண்டும். வியாபாரம் பேசக்கூடாது. அனுமதியில்லாமல் ஒரு செட்டை வாங்கிப் பேசுவது சட்டவிரோதம், அதை யாரும் செய்ய வேண்டாம். சட்டப்படி பரீட்சை எழுதி, தன் பெயரும் முகவரியும் அரசின் பதிவில் இருக்க, எல்லோரும் கேட்கப் பேசுகிறவனை விட வெளிப்படையானவன் யார்? நாம் ஒதுங்கி நிற்பதால் சந்தேகம் குறையாது. சிங்கள, தமிழ்ச் சகோதரர்களோடு ஒரே அலைவரிசையில் "உங்கள் பக்கம் மழை எப்படி?" என்று வாராவாரம் கேட்டுப் பழகினால் குறையலாம். மண்சரிவு இனம் பார்ப்பதில்லை. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016இல் அரநாயக்கவிலும் நாம் அதைப் பார்த்தோம்.

ஆகவே என் கோரிக்கை பெரிதல்ல. மலையில் நாளைக்கே ரிப்பீட்டர் வைப்போம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் செய்ய வேண்டியது ஆட்களைத் தயார் செய்வது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுதான் பரீட்சைக்கும் அனுமதிக்கும் பொறுப்பு. தொடக்க வகுப்புக்கு ஓ/எல் விஞ்ஞானம் படித்த பிள்ளைக்குப் புரியாத எதுவும் இல்லை என்பது பாடங்களைப் பார்த்தபின் என் கருத்து. முதலில் மூன்று பேர் வரட்டும். ஆண் பிள்ளைகள்தான் என்றில்லை, பாரதி பிரசாத் கதையை அதற்காகவும்தான் எழுதினேன். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை விஞ்ஞான கூடத்தில் படிப்பிக்க நான் தயார். மின்சாரம் தெரிந்த நானாமார் யாராவது வந்து உதவினால் இன்னும் நல்லது. அனுமதி உள்ளவர்கள் நமக்குள் உருவான பிறகு, இருக்கும் சங்கத்தோடு சேர்ந்து, மலையைப் பற்றிப் பேசலாம், இன்ஷா அல்லாஹ்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்புப் பக்கம் இருந்தவர்கள், 2004இல் கரையில் இருந்தவர்கள் நமது ஊரில் சிலர் இருக்கிறீர்கள். பாதையும் வயரும் இல்லாத அந்த நாட்களில் செய்தி எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு நாள் வந்து வகுப்பில் சொன்னால் நான் எழுதி வைக்கிறேன்.

அன்றிரவு டோர்ச்சோடு போன அந்த இரண்டு பிள்ளைகளையும் நேற்றுச் சந்தித்தேன். இரண்டு பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒருவர் தேவை.

வஸ்ஸலாம்.